குழலி டிசைன்ஸ் கம்ப்யூட்டர் கண் திறக்காத நாள்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஹேமாவதியின் ஜெராக்ஸ் கடைக்கும் ஓர் உரக்கடைக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டு நிற்கிற கடைதான் குழலி டிசைன்ஸ். நடத்துகிறவள் பெயர் ஏலவார்குழலி. முழுப் பெயரையும் எழுதினால் போர்டில் போன் நம்பருக்கு இடம் இருக்காது என்று பாதியை அவளே வெட்டிவிட்டாள். சுற்றுவட்டாரத்தில் கல்யாணமோ காதணி விழாவோ மஞ்சள் நீராட்டோ எது நடந்தாலும், சாலையோரத்தில் எழும்பி நிற்கிற பேனர் முதலில் அவளுடைய கம்ப்யூட்டரில்தான் பிறக்கும். வாடிய முகத்தில் வெளிச்சம் கூட்டுவாள். வழுக்கையில் முடி நடுவாள். ஒன்றாக நின்று போட்டோ எடுத்துக்கொள்ளச் சம்மதிக்காத சம்பந்திகளைத் தோளோடு தோள் உரச நிறுத்திவிடுவாள். அச்சடிப்பது காஞ்சிபுரத்தில். இங்கிருந்து ஃபைலை அனுப்பினால் மறுநாள் பேனர் சுருளாகப் பஸ்ஸில் வந்து இறங்கும். அந்தப் பஸ்ஸின் கண்டக்டர் அவள் புருஷன் சுகுமார் என்பதால் இதுவரை ஒரு சுருளும் தொலைந்தது கிடையாது.

சுகுமாருக்கு ஒரு தம்பி. பெயர் கதிர்வேல். டிப்ளமா படித்தவன். ஒரகடம் பக்கம் ஒரு பாக்டரியில் ஒப்பந்த வேலை பார்த்துக்கொண்டிருந்தான். ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்கு வந்தவன், அடுத்த வேலை அமைகிறவரை சும்மா உட்காரக்கூடாது என்று வீட்டுப் பொருள்களைத் திருத்த ஆரம்பித்தான். கெட்டுப்போனதைத் திருத்தினால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. அவன் நன்றாக இருப்பதையும் திருத்தினான். எது எந்த வேகத்தில் ஓடினாலும் அவனுக்கு அது போதாது. கூடத்து ஃபேனுக்குப் பெரிய கண்டென்சர் மாட்டினான். அன்றைக்கு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த காலண்டர் பறந்து வந்து சாம்பாரில் விழுந்தது. மாமியார் சொக்கம்மாள் மட்டும், தன் பிள்ளை கை பட்டால் எதுவும் ஓடும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஓடும்தான், எங்கே ஓடும் என்பதுதான் கேள்வி என்று குழலி மனசுக்குள் நினைத்துக்கொள்வாள்.

காத்திருப்பது என்பது அவன் ஜாதகத்திலேயே இல்லை. மானாம்பதியில் இருக்கிற வீட்டுக்குப் போக பஸ் வர நேரமானால் நடக்க ஆரம்பித்துவிடுவான். பாதி வழியில் பஸ் அவனைத் தாண்டிப் போகும். படிக்கட்டில் நின்றபடி சொந்த அண்ணனே கையை ஆட்டிவிட்டுப் போவான். போனில் வீடியோ பார்த்தாலும் இரட்டை வேகத்தில்தான் பார்ப்பான். உலகத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கிற அத்தனை பேருக்கும் கீச்சுக்குரல் என்பதுதான் அவன் அறிந்தது.

அவனைக் கடைக்கு வரச்சொன்னது குழலிதான். வீட்டில் இருந்தால் அடுத்து கிரைண்டரில் கை வைப்பான் என்கிற பயம் ஒரு பக்கம். கல்யாணமாகி அவள் வந்தபோது எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த பையன், இப்போது வேலை இல்லாமல் முகம் சுருங்கிக் கிடக்கிறானே என்கிற இரக்கம் இன்னொரு பக்கம்.

வந்த இரண்டாம் நாளே அவன் ஓர் அநியாயத்தைக் கண்டுபிடித்தான்.

"அண்ணி, உங்க மெமரி மேல இன்னா ஸ்பீடு எழுதிக்கீது தெரியுமா? ஆறாயிரம். அது ஓடிக்கினு கீறது நாலாயிரத்து எண்ணூறுல."

அந்தக் கம்ப்யூட்டரில் முதலில் இரண்டு மெமரிப் பட்டைகள்தான் இருந்தன. பேனரில் முகங்கள் கூடக்கூட அது திணற ஆரம்பித்ததால் போன தையில் இன்னும் இரண்டு வாங்கிச் செருகியிருந்தாள். அதன் பிறகு திணறல் இல்லை. ஓடுகிறதல்லவா, அப்புறம் என்ன என்று கேட்டாள்.

"ஏரி ரொம்பி வழியுது. நீங்க மதகப் பாதி தொறந்து வெச்சிக்கினு, தண்ணி வருது, போதும்ன்றீங்க."

செலவு ஒன்றும் இல்லையாம். கம்ப்யூட்டர் கண் திறக்கிற சமயம் ஒரு சாவியைத் தட்டினால் உள்ளே ஒரு பக்கம் வரும், அதில் ஓர் இடத்தை மாற்றிவிட்டால் மதகு முழுசாகத் திறந்துகொள்ளும் என்றான். வெள்ளிக்கிழமை கழியட்டும் என்று குழலி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். காரணம் இருந்தது. காவாந்தண்டலம் ராஜாராமின் பேரனுக்கு வெள்ளிக்கிழமை காதணி விழா. பேனர் முக்கால்வாசி முடிந்து கம்ப்யூட்டருக்குள் இருந்தது. அன்றைக்குப் புதன். சாயங்காலத்துக்குள் ஃபைல் காஞ்சிபுரம் போனால்தான் நாளைக்குச் சுருள் வரும். கதிர்வேல் தலையாட்டினான். தலையாட்டுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

மகளின் டீச்சர் கூப்பிட்டிருந்ததால் குழலி ஸ்கூலுக்குப் போனாள். திரும்பி வரும்போதே, தூரத்திலிருந்து அவன் உட்கார்ந்திருந்த தோரணை அவளுக்குச் சேதியைச் சொல்லிவிட்டது. கிணற்றுக்குள் மோட்டாரை நழுவவிட்டவன் விளிம்பில் உட்கார்ந்திருப்பானே, அப்படி இருந்தான். பக்கத்து நாற்காலியில், பேனரைப் பார்க்க வந்த ராஜாராம் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, துக்கம் கேட்க வந்தவரைப் போல உட்கார்ந்திருந்தார்.

"இன்னா கதிரு, தொட்டியா?"

"லேசாத்தான் அண்ணி."

கம்ப்யூட்டருக்குள் விசிறிகள் சுற்றின. கலர் கலராக விளக்குகள் மின்னின. மானிட்டர் மட்டும் கறுப்பாக இருந்தது. மெமரிப் பட்டைகளுக்குப் பக்கத்தில், பலகையின் ஓரத்தில், ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்ன விளக்கு அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. அது எரிந்தால் மெமரியில் ஏதோ சிக்கல் என்று கதிர்வேல் விளக்கினான். சிக்கல் அதில்தான் என்பது குழலிக்கு விளக்கில்லாமலே தெரிந்தது.

அவன் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தான். மறுபடி போட்டான். நகத்தைக் கடித்தான். கறுப்பு. மறுபடி அணைத்தான். இப்படியே நடந்துகொண்டிருந்தது. சுகுமாருக்குப் போன் போட்டாள். பஸ் எங்கேயோ நின்றிருந்தது. பின்னால் யாரோ சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஒரு தடவை அணைத்துப் போடச் சொன்னான். போனைத் தம்பியிடம் கொடுத்தாள். அண்ணன் என்ன சொன்னான் என்று தெரியவில்லை. கதிர்வேலின் காது மட்டும் சிவந்தது.

அடுத்ததாகப் பட்டைகளைக் கழற்றி ரப்பரால் தேய்க்கவேண்டும் என்றான் கதிர்வேல். குழலி பக்கத்துக் கடையில் ரப்பர் வாங்கப் போக, ரப்பரோடு ஹேமாவதியும் வந்தாள். ஜெராக்ஸ் கடையில் ஆள் நிற்கிறார்களே என்றால், நிற்கட்டும் என்றாள். இது கண் பட்டதுதான் என்பது அவள் முடிவு. போன வாரம் ஒருத்தர் கடை வாசலில் நின்று, ஒரு பொம்பளையா இவ்வளவும் செய்கிறாள் என்று வாய் பிளந்ததைத் தானே பார்த்ததாகச் சொன்னாள். ராஜாராம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் வீட்டு போர் மோட்டாரும் இப்படித்தான் உறுமிக்கொண்டே தண்ணீர் வராமல் நின்றதென்றும், உள்ளே ஓணான் சிக்கியிருந்ததென்றும் சொன்னார். மூன்று பேரும் கம்ப்யூட்டருக்குள் எட்டிப் பார்த்தார்கள். ஓணான் இல்லை.

கதிர்வேல் நாலு பட்டைகளையும் கழற்றி, அவற்றின் தங்கநிறப் பற்களைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கி, திரும்ப மாட்டினான். போட்டான். பொறுத்துப் பார்த்தான். அவன் பொறுமை எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம்தான் பொறுத்தான். அணைத்தான்.

இதற்கிடையில் ராஜாராமுக்கு வேறொரு தலைவலி போனில் வந்து சேர்ந்தது. பேரனுக்குத் தாய்மாமன் இரண்டு பேர். காது குத்தும்போது பிள்ளை யார் மடியில் உட்காருவது என்பதில் ஒரு மாதமாக இழுபறி. தான்தான் மூத்தவன் என்றான் பெரிய மாமன். கம்மல் தன் செலவு என்றான் சின்ன மாமன். பேனரில் யார் மடியில் பிள்ளை இருக்கிறதோ அதுதான் தீர்ப்பு என்று இருவருமே எடுத்துக்கொண்டிருந்தார்கள். பேனர் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று எப்படியோ தெரிந்துகொண்டு இருவரும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டார்கள். ராஜாராம் ஒருவனிடம் பேசும்போது இன்னொருவனைத் திட்டினார். அடுத்தவனிடம் பேசும்போது முதல்வனைத் திட்டினார். நடுவில் ஒரு தடவை ஆள் மாறிப்போய், பெரியவனிடமே பெரியவனைத் திட்டிவிட்டார்.

"பேஜாராப் பூடுச்சும்மா" என்று போனைக் கவிழ்த்து வைத்தார். "காது குத்தறதுக்கு முன்னால எனக்கு மண்டைய ஒடச்சிடுவானுங்க."

ஹேமாவதி எல்லாருக்கும் டீ வரவழைத்தாள். டீ குடித்த தெம்பில் கதிர்வேல் பெரிய வைத்தியத்துக்கு இறங்கினான். பலகையில் காசு மாதிரி ஒரு வட்ட பேட்டரி இருக்கும். கரண்டு போனாலும் கம்ப்யூட்டர் தன் அமைப்புகளை மறக்காமல் இருப்பது அதனால்தான். ஒயரைப் பிடுங்கிவிட்டு அந்த பேட்டரியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் வெளியே வைத்தால், மாற்றின வேகத்தையும் மறந்துவிட்டுப் பழைய நிலைக்கு வந்துவிடும் என்றான். மறக்கவைப்பதற்கு இவ்வளவு பாடா என்று ராஜாராம் ஆச்சரியப்பட்டார். தன் மகனின் மச்சினன்களுக்கு அப்படி ஒன்று இருந்தால் நன்றாயிருக்கும் என்றார்.

பேட்டரியைக் கழற்றி மேஜை மேல் வைத்தான். பக்கத்தில் டீ வாங்கின மிச்சச் சில்லறை கிடந்தது. எல்லாரும் காத்திருந்தார்கள். ராஜாராமுக்கு உட்கார முடியவில்லை. மூலையில் இருக்கிற பிள்ளையாரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று, மேஜையில் கிடந்ததை அள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். கொஞ்ச நேரத்தில் நெற்றி நிறைய விபூதியோடும் கை நிறைய விபூதியோடும் திரும்பி வந்தார். கையில் இருந்ததைக் கம்ப்யூட்டருக்குப் பூச வந்தவரைக் குழலி வழியிலேயே மடக்கி, மானிட்டருக்குப் பூசவைத்தாள்.

கதிர்வேல் மேஜையைப் பார்த்தான். மேஜைக்குக் கீழே பார்த்தான். டீ கிளாஸுக்குள் பார்த்தான்.

"அண்ணி, பேட்டரிய எடுத்தீங்களா?"

யாரும் எடுக்கவில்லை. ஹேமாவதி தன் முந்தானையை உதறிக் காட்டினாள். அப்போதுதான் ராஜாராம் சட்டைப் பையில் கை விட்டார். சில்லறையை வெளியே எடுத்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். கை மெதுவாகத் தாழ்ந்தது.

"உண்டியல்ல ஒண்ணு போட்டன்" என்றார். "போடசொல்லோ, கொஞ்சம் லேசா கீதேன்னு நெனச்சன்."

நாலு பேரும் பிள்ளையார் கோயிலுக்குப் போனார்கள். தெருமூலைக் கோயில்தான். விளக்கேற்றிப் பெருக்கிப் பார்த்துக்கொள்வது ஆண்டாளம்மாள். அவள் பூக்கட்டிக்கொண்டே முழுக் கதையையும் கேட்டாள். உண்டியலுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி அவளிடம். இன்னொரு சாவி வைத்திருக்கிறவர் மகள் வீட்டுக்குச் செங்கல்பட்டு போயிருக்கிறார், வருகிற சதுர்த்திக்குத்தான் வருவார். ராஜாராம் அவசரமாக, அது காசே இல்லை, வெறும் பேட்டரி, அதற்குப் பதிலாக நல்ல காசாகப் போட்டுவிடுகிறேன் என்றார்.

ஆண்டாளம்மாள் பூவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போட்டது போட்டதுதான். இன்னா போட்டோம்னு பாத்துப் போடறது உங்க வேல. வந்தத வெச்சிக்கறது அவரு வேல."

ராஜாராம் வந்ததற்கு இன்னொரு தோப்புக்கரணம் போட்டார். இந்தத் தடவை காசு போடவில்லை.

கடைக்குத் திரும்பியதும் குழலி நாற்காலியில் உட்கார்ந்தாள். வெயில் சாலையின் அந்தப் பக்கத்துக்கு நகர்ந்திருந்தது. முக்கால்வாசி முடிந்த பேனர் உள்ளே. அதைத் திறக்கக்கூடிய கம்ப்யூட்டர் ஊரில் வேறு கிடையாது. ஹேமாவதியின் கம்ப்யூட்டர் சாதிச் சான்றிதழ் விண்ணப்பத்துக்கே மூச்சு வாங்கும். அழுகை வரும்போல இருந்தது. கதிர்வேல் முகத்தைப் பார்த்தாள். அவனுக்கு அது முன்னமே வந்துவிட்டிருந்தது. அதைக் கண்டதும் அவளுக்கு வரவேண்டியது நின்றுவிட்டது.

"அந்த பேட்டரி இல்லாங்காட்டி ஓடவே ஓடாதா?" என்று கேட்டாள்.

ஓடும் என்றான். கரண்டு போகும்போதெல்லாம் தேதியை மறந்துவிடும், அவ்வளவுதான். சரி, போடு என்றாள். ஒயரைச் செருகிப் பட்டனைத் தட்டினான். விசிறி சுற்றியது. விளக்கு மின்னியது. மானிட்டர் கறுப்பு, அதன் மேல் மூன்று விரல் விபூதி. கதிர்வேலின் கை தானாகப் பட்டனை நோக்கிப் போயிற்று.

குழலி அந்தக் கையைப் பிடித்தாள். ஏன் பிடித்தாள் என்று பிற்பாடு கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. காலையிலிருந்து அந்தக் கை அந்தப் பட்டனுக்குப் போவதையும் வருவதையும் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது என்பதுதான் உண்மை.

"நீ போயி வாட்ச் கடையில ஒரு பேட்டரி வாங்கினு வா."

"இத்த அணைச்சிட்டுப் போறேன் அண்ணி."

"அது அதும்பாட்டுக்கு கெடக்கட்டும். நீ போ."

அவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். ஹேமாவதி தன் கடையில் யாரோ கத்துவதைக் கேட்டு ஓடினாள். குழலி ராஜாராமை உட்காரவைத்து, மாமன்கள் விவகாரத்தை முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். அவர் சொன்னார். அவர் அந்தக் குடும்பத்தின் பழைய வரப்புச் சண்டை ஒன்றிலிருந்து ஆரம்பித்ததால் கொஞ்சம் நீளமாகவே சொன்னார். கேட்டுக்கொண்டே வந்தவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. இரண்டு மாமன்களையும் ஒட்டி உட்காரவைத்து, பிள்ளையை நடுவில் வைத்து, ஒரு தொடை இவன் மடியில், ஒரு தொடை அவன் மடியில் என்று செய்தால் என்ன? ராஜாராம் வாயைத் திறந்தபடி அதை மனக்கண்ணில் பார்த்தார். பார்த்துக்கொண்டிருந்தவரின் முகத்தில் திடீரென்று நீல வெளிச்சம் விழுந்தது.

கம்ப்யூட்டர் கண் திறந்திருந்தது.

ராஜாராம் எழுந்து நின்று கும்பிட்டார். உண்டியலில் போனது வீண்போகவில்லை என்பது அவர் கட்சி. குழலி கும்பிடவில்லை. அவள் பட்டனைப் பார்த்தாள், பிறகு கதிர்வேல் போன பாதையைப் பார்த்தாள். ஏதோ புரிந்த மாதிரி இருந்தது.

அவன் பேட்டரியோடு ஓடிவந்தான். திரையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான். போனை எடுத்து, மெமரி வேகத்தைக் கூட்டக் காலையில் பார்த்த அதே வீடியோவை, இந்த முறை சாதாரண வேகத்தில் பார்த்தான். பேசியவருக்கு நல்ல கனத்த குரல். அமைப்பை மாற்றின பிறகு கம்ப்யூட்டர் தன் மெமரியைப் புதிதாகப் பழகிக்கொள்ளும், அதற்குச் சில சமயம் பத்து நிமிடம்கூட ஆகும், திரை கறுப்பாகத்தான் இருக்கும், தயவுசெய்து யாரும் அணைக்கவேண்டாம் என்று அவர் இரண்டு தடவை சொன்னார். ஒவ்வொரு தடவையும் பழகத் தொடங்கும்போதே இவன் கழுத்தைப் பிடித்திருக்கிறான்.

குழலி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். வேலையில் இறங்கினாள். மாமன்களை ஒட்டவைத்தாள். பிள்ளையின் இடது தொடை பெரியவன் மடியில், வலது தொடை சின்னவன் மடியில். கம்மல் மட்டும் சின்னவன் பக்கத்துக் காதில் கூடுதலாக மின்னியது. அதை யாரும் அளந்து பார்க்கப்போவதில்லை. ஃபைலை அனுப்பப் போனால் நெட்டு முரண்டு பிடித்தது. தேதி மறந்த கம்ப்யூட்டர் தன்னை என்றைக்கோ போன ஒரு ஜனவரி மாதத்தில் நினைத்துக்கொண்டிருந்தது. கதிர்வேல் அதை இன்றைக்குக் கொண்டுவந்தான். ஃபைல் போயிற்று. காஞ்சிபுரத்திலிருந்து வந்துவிட்டது என்று சேதி வந்த பிறகுதான் குழலி முதுகைச் சாய்த்தாள்.

அப்போது அவன் மெதுவாக, "அண்ணி, பேட்டரி மாட்டணும். மாட்டசொல்லோ, அந்த ஆறாயிரத்த ஒரே ஒரு தடவ" என்றான்.

ராஜாராம் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்திருந்தவர், மறுபடி உட்கார்ந்துவிட்டார். இதை விட்டுவிட்டுப் போக அவருக்கு மனசு வரவில்லை.

குழலி வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அவன் கையில் அந்தச் சின்ன பேட்டரியை வைத்துக்கொண்டு நின்ற விதத்தைப் பார்த்து, ஒரு நிபந்தனை போட்டாள். மாற்றவேண்டியதை மாற்றிவிட்டு, எதிர்த்த டீக்கடைப் பெஞ்சில் போய் உட்காரவேண்டும். அவள் கூப்பிடுகிறவரை இந்தப் பக்கம் திரும்பக்கூடாது. காவலுக்கு ராஜாராம் மாமா.

ராஜாராம் அந்தப் பொறுப்பை முழு மனசோடு ஏற்றார். ஏரித் தண்ணீர் முறைக்கு ராத்திரியெல்லாம் வரப்பில் உட்கார்ந்து பழகினவர் அவர். கதிர்வேலின் மணிக்கட்டைப் பிடித்தபடி பெஞ்சில் உட்கார்ந்து, வரப்புச் சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அவன் கால்கள் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தன. டீக்கடைக்காரர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

கறுப்பாகவே இருந்தது. ஆரஞ்சு விளக்கு எரிந்தது. தானாக ஒரு தடவை அணைந்து, தானாகவே எழுந்தது. மறுபடியும் அப்படி. குழலிக்கும் உள்ளங்கை அரிக்கத்தான் செய்தது. கையை அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். கடைசியில் திரையில் இங்கிலீஷில் ஒரு வாசகம் வந்தது. அவனைக் கூப்பிட்டாள். நாலு பட்டையோடு ஆறாயிரம் தன்னால் முடியவில்லை, பழைய நிலைக்கே திரும்பிவிட்டேன் என்று கம்ப்யூட்டர் ஒழுங்காக எழுதிக் காட்டியிருந்தது. இதைச் சொல்லத்தான் காலையிலிருந்து அது வாயைத் திறந்து திறந்து மூடியிருக்கிறது.

"ரெண்டு பட்டைய எடுத்துட்டா ஆறாயிரம் ஓடும்" என்றான் கதிர்வேல்.

"எடுத்தாக்கா பாதி சொந்தக்காரங்க பேனர்ல வரமாட்டாங்க" என்றாள் குழலி.

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். ஐயாயிரத்து அறுநூறு என்று வைத்தான். யாரும் சொல்லாமலே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தான். ராஜாராம் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை ஒரு டீ ஆறுகிற நேரம்தான். கம்ப்யூட்டர் கண் திறந்தது.

ஓடிவந்து அவளுக்குப் பின்னால் நின்றான். "பேனரத் தொறங்க அண்ணி."

திறந்தாள். முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. முன்னே எப்படி வந்தனவோ அப்படியேதான் வந்தன. அவள் கண்ணுக்கு மயிரிழைகூட வித்தியாசம் தெரியவில்லை.

"தெரியுதா?"

"தெரியுது" என்றாள்.

"எவ்ளோ?"

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. "முன்னெல்லாம் ராஜாராம் மாமா தல வர்றதுக்குள்ள ஒரு கொட்டாவி விடுவேன். இப்ப வாயத் தொறக்கறதுக்குள்ள வந்துடுச்சு."

ராஜாராம் தன் தலை சீக்கிரம் வந்ததில் பெருமைப்பட்டார். கதிர்வேல் எவ்வளவு நாளைக்கு அப்புறமோ பல் தெரியச் சிரித்தான். சிரித்தபடியே ஹேமாவதி கடைக்குச் சேதி சொல்லப் போனான்.

வெள்ளிக்கிழமை காவாந்தண்டலத்தில் பேனர் ஆளுயரத்துக்கு மேல் நின்றது. இரண்டு மாமன்களும் தனித்தனியாக வந்து அண்ணாந்து பார்த்தார்கள். தொடைகளை ஒப்பிட்டார்கள். குறை சொல்ல இடம் கிடைக்கவில்லை. காது குத்துகிற நேரம் வந்ததும், பேனரில் இருக்கிறபடியே செய்துவிடுங்கள் என்று ஊர் சொல்லிவிட்டது. இரண்டு பேரும் ஒரே பாயில் முட்டி இடிக்க உட்கார்ந்தார்கள். பிள்ளை நடுவில். ஊசி பட்டதும் அவன் இரண்டு மாமன்களின் வேட்டியையும் பாரபட்சமில்லாமல் நனைத்தான். ராஜாராம் வந்தவர்களிடமெல்லாம் கதிர்வேலைக் காட்டி, கம்ப்யூட்டரின் கண்ணைப் பார்த்தே நோயைச் சொல்கிற பையன் என்று அறிமுகப்படுத்தினார். தையில் கல்யாணம் வைத்திருந்த ஒருவர் அவன் நம்பரை வாங்கிக்கொண்டார். சொக்கம்மாள் அதைப் பார்த்தாள். அன்றைக்கு முழுக்க அவளைப் பிடிக்க முடியவில்லை.

சனிக்கிழமை கடை திறந்ததும் குழலி கொழுந்தனைக் கூப்பிட்டு, வேகத்தை மாற்றுகிற அந்த உள்பக்கத்துக்குப் பூட்டு போட வழி இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது, ஒரு பாஸ்வேர்டு வைத்தால் தெரியாதவர்கள் யாரும் உள்ளே போகமுடியாது என்றான்.

"வெச்சிடுங்க அண்ணி, நல்லது. கண்டவங்க கை வெச்சிட்டா கஷ்டம்."

"அதான் கதிரு. நீயே அந்த எடத்தக் காட்டு."

காட்டினான். எழுத்தை அடிக்கும் முன்னால் அவனைத் திரும்பி நிற்கச் சொன்னாள். எதற்கு என்று கேட்காமல் அவன் தெருவைப் பார்த்துத் திரும்பி, கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.